பெயர் சொல்லித் திட்டினால் பதிலுக்கு நேரம் தர வேண்டாமா?

நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். ராத்திரி எட்டு மணி ஆனால் செய்தி சேனலில் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார், யாரையாவது பெயர் சொல்லிக் கிழிகிழியென்று கிழிக்கிறார். கிழிபடுகிறவர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. மகனிடம் கேட்டால், "அது செய்தி இல்லம்மா, கருத்து நிகழ்ச்சி" என்கிறான். கருத்து என்று பெயர் வைத்துவிட்டால் எதிராளிக்குப் பேச நேரம் தர வேண்டியதில்லையா?
*வாசகி, கோவை*

உங்கள் மகன் சொன்னது பாதி சரி, மீதிப் பாதியில்தான் வம்பே இருக்கிறது.

நெறியாளர், "இந்த வரிக் கொள்கை ஏழைகளை நசுக்கும், இதைக் கொண்டுவந்த செனட்டருக்கு மனசாட்சியே இல்லை" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காரமாக இருந்தாலும் அது அவருடைய அபிப்பிராயம். செனட்டருக்கு ஆயிரம் மைக் இருக்கிறது, அவரைக் கூப்பிட்டுப் பேசவிட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே நெறியாளர், "இந்த செனட்டர் இன்ன கம்பெனியிடம் பணம் வாங்கினார்" என்கிறாரா? அந்த நிமிடமே கருத்து முடிந்து தகவல் ஆரம்பித்துவிட்டது. பணம் வாங்கினாரா இல்லையா என்பதில் அபிப்பிராயத்துக்கு என்ன வேலை? அங்கே அவருக்கு ஒரு போன் போட்டு, "உங்களைப் பற்றி இப்படிச் சொல்லப் போகிறோம், உங்கள் பதில் என்ன" என்று கேட்டு, அவர் சொன்னதை அதே நிகழ்ச்சியில், அதே சத்தத்தில் சொல்லியாக வேண்டும். நிகழ்ச்சிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கடன் மாறாது.

2020 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஃபாக்ஸ் டிவி குழுமத்தின் சில கருத்து நிகழ்ச்சிகளில், டொமினியன், ஸ்மார்ட்மேட்டிக் என்ற இரண்டு வாக்கு இயந்திர நிறுவனங்கள் ஓட்டுகளை மாற்றிவிட்டதாக வாரக்கணக்கில் பேசினார்கள். ஸ்மார்ட்மேட்டிக்கின் இயந்திரம் அந்தத் தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி என்ற ஒரே ஒரு இடத்தில்தான் ஓடியது. அந்த நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். டிசம்பரில் ஸ்மார்ட்மேட்டிக்கின் வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் ஒரு சின்னத் துண்டு ஒளிபரப்பானது. தேர்தல் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம், முகம் தெரியாத ஒரு குரல் கேள்வி கேட்க, அவர் ஒவ்வொன்றுக்கும் "அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை" என்கிற மாதிரி பதில் சொல்ல, அதையே மூன்று நெறியாளர்களின் நிகழ்ச்சிகளில் போட்டார்கள். திட்டு வாங்கிய நிறுவனத்தின் ஆள் அதில் கிடையாது. இத்தனை நாள் சொன்னது தவறு என்று நெறியாளர் தன் வாயால் சொல்லவும் இல்லை. டொமினியன் தனியாகப் போட்ட வழக்கில், அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொன்னவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை என்பது தெள்ளத்தெளிவு என்று 2023 மார்ச்சில் நீதிபதி எழுதினார். ஏப்ரலில், விசாரணை தொடங்கவிருந்த நாளில், 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது.

அந்தப் பணம் பெரிய நிறுவனத்துக்குக் கிடைத்தது, சரி. அதே இடத்தில் ஒரு பள்ளி ஆசிரியரோ ஒரு நர்சோ இருந்திருந்தால்? அத்தனை பெரிய வழக்கை வருஷக்கணக்கில் நடத்த அவர்களால் முடியுமா? நேரம் கொடுங்கள் என்று நான் கேட்பது முக்கியமாக அவர்களுக்காகத்தான். அதிகாரம் குறையக் குறைய ஒருவருக்கு நாம் படும் கடன் கூடும். செனட்டரைவிட ஆசிரியருக்கு அதிகம் தர வேண்டும். நடைமுறையில் நடப்பது நேர்த் தலைகீழ்.

அமெரிக்காவில் முன்பு இதற்குச் சட்டமே இருந்ததாகப் படித்தேன். ஏன் எடுத்தார்கள்? திரும்பக் கொண்டுவந்தால் என்ன?
*வாசகர், திருச்சி*

இருந்தது. அதன் கதை கொஞ்சம் நீளம், ஆனால் கேட்க வேண்டிய கதை.

1949-இலிருந்து அங்கே, ஒளிபரப்பை மேற்பார்க்கும் அரசு ஆணையத்தின் 'நியாயக் கோட்பாடு' என்று ஒன்று நடைமுறையில் இருந்தது. ரேடியோ, டிவி நடத்த அலைவரிசை உரிமம் வாங்கியவர்கள் பொது விஷயங்களைப் பேச வேண்டும், பேசும்போது எதிர்க் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குள்ளேயே, தனிநபர் மீதான தாக்குதலுக்கு என்று ஒரு விதியும் இருந்தது. ஒருவருடைய நேர்மையையோ குணத்தையோ தாக்கிப் பேசினால், ஒரு வாரத்துக்குள் அவருக்குத் தகவல் சொல்லி, பேசியதன் பிரதியையோ ஒலிநாடாவையோ சுருக்கத்தையோ அனுப்பி, பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். 1967-இல் இதை எழுத்துப்பூர்வ விதியாகவே ஆக்கினார்கள்.

இந்த விதியின் பெரிய வழக்கு பென்சில்வேனியாவில் ரெட் லயன் என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. 1964 நவம்பரில், அந்த ஊர் ரேடியோவில், பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற பாதிரியாரின் 15 நிமிட நிகழ்ச்சி ஓடுகிறது. ஃப்ரெட் குக் என்ற பத்திரிகையாளர், அந்த வருடம் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் நின்ற பேரி கோல்ட்வாட்டரைத் தாக்கி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஹார்கிஸ் அவர் மேல் பாய்கிறார்: பொய்க் குற்றச்சாட்டு சொன்னதற்காகப் பத்திரிகை வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், பிறகு கம்யூனிஸ்ட் தொடர்புள்ள பத்திரிகையில் எழுதியவர், இப்படி. குக் பதில் சொல்ல நேரம் கேட்டு எழுதினார். ரேடியோ நிலையம் கட்டண அட்டையை அனுப்பி வைத்தது. காசு கொடுத்தால் பேசலாம் என்று அர்த்தம்!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969 ஜூனில் தீர்ப்பில் பங்கேற்ற எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் குக் பக்கம் தீர்ப்பு சொன்னார்கள். நீதிபதி பைரன் ஒயிட் எழுதிய தீர்ப்பில் ஒரு வரி: இங்கே மேலானது ஒளிபரப்புகிறவர்களின் உரிமை அல்ல, பார்க்கிறவர்கள், கேட்கிறவர்களின் உரிமைதான். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. பதில் சொல்லும் நேரம் என்பது திட்டு வாங்கியவருக்குத் தரும் சலுகை என்று நாம் நினைக்கிறோம். கேட்டுக்கொண்டிருந்த நமக்குத் தர வேண்டிய பாக்கி அது. பாதிக் கதை கேட்டது நாம்தானே?

இத்தோடு முடிந்திருந்தால் நானும், "கொண்டுவாருங்கள் சட்டத்தை" என்றுதான் எழுதியிருப்பேன்.

சில வருடம் கழித்து, சி.பி.எஸ். என்ற அமெரிக்க டிவி நிறுவனத்தின் செய்திப் பிரிவின் தலைவராக இருந்த ஃப்ரெட் ஃப்ரெண்ட்லி இந்த வழக்கின் பின்கதையைத் தோண்டி எடுத்தார். குக்கின் பின்னால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். கென்னடி ஆட்சியில் பொறுப்பில் இருந்த பில் ரூடர், எங்கள் திட்டமே இந்தக் கோட்பாட்டை வைத்து வலதுசாரி ரேடியோக்களுக்குத் தொல்லை கொடுப்பதுதான், செலவுக்குப் பயந்து அவர்களே அந்த நிகழ்ச்சிகளை நிறுத்திவிடுவார்கள் என்று நம்பினோம் என்கிற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். ஏழை எளியவனுக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கட்டும் என்று வைத்த விதி, ஆள்பவர் கையில் எதிராளியின் வாயை அடைக்கும் துணியாகிவிட்டது. குக் தாக்கப்பட்டது உண்மை, அவருக்கு நேரம் தந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. அதைத் தரவைக்கும் பிரம்பை அரசிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் அதே வழக்கில்தான் தெரிகிறது.

பத்திரிகைகளுக்கு இதே மாதிரி ஒரு சட்டம் ஃப்ளோரிடாவில் 1913-இலிருந்து இருந்தது. தேர்தலில் நிற்கிறவரைப் பத்திரிகை தாக்கி எழுதினால் அவர் பதிலை இலவசமாகப் போட வேண்டும். பேட் டோர்னில்லோ என்ற ஆசிரியர் சங்கத் தலைவர் 1972-இல் மயாமி ஹெரால்ட் பத்திரிகையிடம் அப்படிக் கேட்டார். 1974-இல் அதே உச்ச நீதிமன்றம், இந்தத் தடவை ஒன்பது பேரும் சேர்ந்து, அந்தச் சட்டம் செல்லாது என்றது. பொறுப்பான பத்திரிகை வேண்டியதுதான், ஆனால் பல நற்குணங்களைப் போல அதையும் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது என்று தலைமை நீதிபதி பர்கர் எழுதினார். ரேடியோவுக்கு ஒரு நியாயம், பேப்பருக்கு ஒரு நியாயமா என்றால், அலைவரிசை எண்ணிக்கையில் குறைவு, பேப்பர் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதுதான் அன்றைய வாதம்.

1987 ஆகஸ்டில் நியாயக் கோட்பாட்டைக் கைவிட்டார்கள். அதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதற்கு இரண்டு மாதம் முன்பே அதிபர் ரீகன் நிராகரித்திருந்தார். தனிநபர் தாக்குதல் விதி மட்டும் எப்படியோ 2000 அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு கிடந்து அப்புறம் போனது. உங்களுக்கு முன் கேட்ட கோவை வாசகி பார்த்தது கேபிள் சேனலாக இருந்தால், அது பொது அலைவரிசையில் ஓடுவதும் இல்லை. அதனால் பழைய கோட்பாட்டைத் தூசி தட்டி எடுத்தாலும் அதை அப்படியே அங்கே பொருத்துவது கஷ்டம்.

ஆகவே என் பதில்: அரசு கையில் வேண்டாம். சேனல் தானே எழுதி வைத்துக்கொண்ட விதியாக இருக்கட்டும், அதைப் பார்வையாளர் கண்ணில் படும்படி போட்டு வைக்கட்டும், மீறினால் யாரிடம் புகார் சொல்வது என்பதும் அதில் இருக்கட்டும்.

பொய் சொல்கிற ஆளுக்கு நேரம் கொடுத்தால் அவன் அந்த நேரத்தையும் பொய்யால்தானே நிரப்புவான்? அதற்கு ஏன் மேடை போட்டுக் கொடுக்க வேண்டும்?
*வாசகர், மதுரை*

இந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் 1954-ஐ நினைத்துப் பார்க்கிறேன்.

செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, கண்ணில் பட்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி வேலையை, மானத்தைப் பறித்துக்கொண்டிருந்த காலம். மார்ச் 9-ஆம் தேதி இரவு, சி.பி.எஸ்.ஸில் எட்வர்ட் மரோ அரை மணி நேரம் அவரைப் பற்றி நிகழ்ச்சி நடத்துகிறார். பெரும்பகுதி மெக்கார்த்தியே பேசிய படத்துண்டுகள், இடையிடையே மரோவின் திருத்தங்கள். அது சந்தேகமே இல்லாமல் கருத்து நிகழ்ச்சிதான், மரோவும் அதை மறைக்கவில்லை. ஆரம்பத்திலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறார். சொல்ல நினைப்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதி வைத்ததைப் பார்த்தே படிக்கப் போகிறேன் என்பது ஒன்று. தன் பேச்சையோ படத்தையோ நாங்கள் திரித்துவிட்டதாக செனட்டர் நினைத்தால், இதே நிகழ்ச்சியில் அவர் வந்து பதில் சொல்லலாம் என்பது இன்னொன்று. அதாவது முதல் அடி அடிப்பதற்கு முன்பே, திருப்பி அடிக்க அவருக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்.

ஏப்ரல் 6-ஆம் தேதி மெக்கார்த்தியின் பதில் படச்சுருளாக வந்து, யாரும் குறுக்கிடாமல் ஓடியது. நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடந்தது. சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளுக்கு நேராகப் பதில் சொல்லாமல், மரோவை நரிக் கூட்டத்தின் தலைவன் என்றார், இருபது வருடம் முன்பே கம்யூனிஸ்ட் பிரசாரத்தில் இருந்தவர் என்றார். ஆனால் ஜனம் என்ன பார்த்தது? நான்கு வாரம் முன்பு மரோ எதைச் சொல்லிக் குற்றம் சாட்டினாரோ அதையே அந்த மனிதர் தங்கள் கண்ணெதிரே செய்து காட்டியதைப் பார்த்தது. அதே மாதம், ராணுவத்துக்கும் அவருக்கும் இடையிலான தகராறு பற்றிய செனட் விசாரணை தொடங்கியது, வாரக்கணக்கில் டிவியில் ஓடியது, டிசம்பரில் செனட் 67-க்கு 22 என்ற கணக்கில் அவரைக் கண்டித்தது. மரோவின் ஒரு நிகழ்ச்சியால் அவர் விழுந்தார் என்று நான் சொல்லவில்லை, காரணங்கள் பல. நேரம் கொடுத்ததால் அவர் எழுந்து நின்றுவிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெக்கார்த்தியை அறவே பிடிக்காத சிலர்கூட அன்று மரோவைக் குறை சொன்னார்கள். மோசமான துண்டுகளாகப் பார்த்துத் தொகுத்துவிட்டு, டிவி கலையே தெரியாத ஒருவரிடம் "உனக்கும் அரை மணி நேரம், வா" என்பது சமமான வாய்ப்பா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நேரத்தைச் சமமாகக் கொடுத்துவிடலாம், கைப்பழக்கத்தை எப்படிக் கொடுப்பது? அதனால்தான் பதில் சொல்ல வருகிறவர் சாதாரண ஆளாக இருந்தால், கேமராவைப் பார்த்துத் தடுமாறும் அளவுக்குப் புதியவராக இருந்தால், எழுத்தில் வாங்கி முழுசாகப் படிப்பதே மேல் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் விவாதங்களில்தான் எதிர்த்தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்களே, அது போதாதா?
*வாசகி, சேலம்*

நாற்காலி கொடுப்பதும் பதில் சொல்ல விடுவதும் ஒன்றில்லை. எட்டுக் கட்டத்தில் எட்டு முகம், நெறியாளர் ஒரு கேள்வியை ஒரு நிமிடம் கேட்கிறார், பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அடுத்த கட்டத்தில் ஒருவர் கத்துகிறார், மைக் ஒலி இறங்குகிறது, "நேரமில்லை, ஒரே வரியில் சொல்லுங்கள்". இதில் யார் எதைப் பதிலாகச் சொல்ல முடியும்? குறுக்கீடு இல்லாத 90 விநாடி, அரை மணி நேரச் சண்டையைவிடப் பெரியது.

இன்னொரு தந்திரமும் உண்டு. எட்டு மணி நிகழ்ச்சிக்கு ஏழரைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது, பிறகு "அவர் தரப்பைக் கேட்டோம், பதில் வரவில்லை" என்று படிப்பது. பிரிட்டனில் ஒளிபரப்பை மேற்பார்க்கும் ஆஃப்காமின் விதியில், பெரிய குற்றச்சாட்டு சொன்னால் சம்பந்தப்பட்டவருக்குப் பொருத்தமான, உரிய காலத்தில் பதில் சொல்லும் வாய்ப்பு பொதுவாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த 'உரிய காலத்தில்' என்பது சும்மா போட்ட வார்த்தை இல்லை.

நம் நாட்டில் செய்தி ஒளிபரப்பாளர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஓர் ஆணையம் இருக்கிறது, முன்னாள் நீதிபதி தலைமையில் புகார்களைக் கேட்கிறது. 2023-இல் அது விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாயாக இருந்தது, இது எந்த விதத்தில் பயமுறுத்தும் என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது.

ஆனால் நம்மிடம் பெருமைப்படும்படி ஒரு தீர்ப்பும் உண்டு, அதிகம் பேர் பேசுவதில்லை. ஆமதாபாத்தில் நுகர்வோர் அமைப்பு நடத்திய பேராசிரியர் மனுபாய் ஷா, பாலிசிதாரர்களை எல்.ஐ.சி. ஏமாற்றுகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எல்.ஐ.சி. தரப்பிலிருந்து ஒருவர் 'தி இந்து'வில் மறுப்பு எழுதினார், அதற்கு ஷா எழுதிய பதிலும் அதே 'தி இந்து'வில் வந்தது. இதுவரை எல்லாம் சரி. அப்புறம் எல்.ஐ.சி. தன்னுடைய 'யோகக்ஷேமா' இதழில் தன் ஆள் எழுதியதை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டது. ஷாவின் பதிலையும் போடுங்கள் என்றால், இது எங்கள் வீட்டுப் பத்திரிகை என்றது. 1992-இல் உச்ச நீதிமன்றம், பொதுப்பணத்தில் நடக்கும் அரசு நிறுவனம் இப்படி ஒரு பக்கத்தை மட்டும் காட்டக் கூடாது, ஷாவின் பதிலையும் வெளியிட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு அரசு நிறுவனத்துக்கு, தனியார் சேனலை அதை வைத்து இழுக்க முடியாது. ஆனாலும் அந்தப் பேராசிரியர் விடாமல் கேட்டது என்ன? என் பதிலைப் படித்தவர்கள் வேறு, உங்கள் இதழைப் படிப்பவர்கள் வேறு, எந்த வாசகரிடம் என்னைப் பற்றிச் சொன்னீர்களோ அந்த வாசகரிடமே நான் பேச வேண்டும். இதற்குமேல் இந்த விஷயத்தை எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. "அவர் வேண்டுமானால் தன் ஃபேஸ்புக்கில் பதில் போட்டுக்கொள்ளட்டும்" என்கிற நெறியாளர்களுக்கும் பதில் இதுதான்.

இவ்வளவு சொல்கிறீர்கள், நீங்கள் யாரையாவது கேட்காமல் எழுதியிருக்கிறீர்களா?
*வாசகர், நாகர்கோவில்*

எழுதியிருக்கிறேன். நிருபராகச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சிற்றூரில். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தராமல் பதுக்குகிறார்கள் என்று நாலு பெண்கள் வந்து சொன்னார்கள். கடை விற்பனையாளரின் பெயரைப் போட்டே எழுதினேன். சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குச் செய்தி போயாக வேண்டும். அவர் வீடு சைக்கிளில் பத்து நிமிடம். போகவில்லை.

மறுநாள் காலை அவரே அலுவலகத்துக்கு வந்தார், கையில் இருப்புப் பதிவேடு. சத்தம் போடவில்லை. மேஜையில் விரித்து, அந்த மாதத்து வரியில் விரலை வைத்தார். வர வேண்டிய மண்ணெண்ணெயில் பாதிதான் வந்திருந்தது, மேலதிகாரிக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகலும் உள்ளே செருகியிருந்தது. "நேத்து ஒரு தடவை வந்து கேட்டிருந்தா இதையேதான் சார் காட்டியிருப்பேன்" என்றார். காலையில் பால் வாங்கப் போன தன் மகளை டீக்கடையில் நிறுத்தி நாலு பேர் கேட்டார்களாம், அதைச் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் மாறியது.

அவர் பெயரைப் போட்டது மூன்றாம் பக்கம், தலைப்போடு. திருத்தம் வந்தது ஏழாம் பக்கம், நான்கு வரி, தலைப்பு இல்லாமல். அதையும் மூன்றாம் பக்கத்தில் போடுங்கள் என்று ஆசிரியரிடம் சண்டை போட எனக்கு அன்று தைரியம் இருக்கவில்லை. அடுத்த வாரம் ரேஷன் கடைப் பக்கம் போனபோது, அந்த நான்கு வரியைக் கத்தரித்து, எடைத் தராசுக்கு மேலே சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்தார்.